சம்பளத்தில் பிடித்த எச்.எஸ்.ஏ. பணம் யார் கணக்கில் சேரும்?

கேள்வி: கலிபோர்னியாவில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறேன். எச்.எஸ்.ஏ. எனப்படும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். காப்பீடு எனக்கு மட்டும். 2025-இல் நிறுவனம் அந்தக் கணக்கில் 1,000 டாலர் போட்டது. என் சம்பளத்திலிருந்து வரிக்கு முன் 2,400 டாலர் பிடித்தார்கள். டிசம்பரில் என் வங்கிக் கணக்கிலிருந்து நானே 500 டாலர் செலுத்தினேன். ஆனால் ஆண்டுச் சம்பளக் கணக்கைக் காட்டி நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவத்தில் 3,400 டாலர் நிறுவனத்தின் பங்கு என்று இருக்கிறது. நான் போட்டது 2,900 என்று வரிக்கணக்கு மென்பொருளில் பதிந்தால் அபராதம் காட்டுகிறது. தவறு யாருடையது?

பதில்: நிறுவனம் தவறு செய்யவில்லை. டபிள்யூ-2 படிவத்தின் 12-ஆம் கட்டத்தில் 'டபிள்யூ' என்ற குறியீட்டுக்கு எதிரே வரும் தொகையில் நிறுவனம் தந்த பணமும், உங்கள் சம்பளத்திலிருந்து வரிக்கு முன் பிடித்த பணமும் சேர்ந்தே இருக்கும். உழைத்துச் சம்பாதித்த 2,400 டாலரை நிறுவனத்தின் பங்கு என்று எழுதினால் மனம் ஒப்பாதுதான். ஆனால் சட்டம் பார்ப்பது யார் உழைத்தார் என்பதை அல்ல, பணம் எந்த வழியாகப் போனது என்பதை. வருமான வரிச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்படி அமைந்த திட்டத்தில் பிடிக்கப்பட்ட தொகை உங்கள் சம்பளமாகவே மாறவில்லை என்று கொள்கிறார்கள். அதனால்தான் வரிக்குரிய சம்பளத்தைக் காட்டும் 1-ஆம் கட்டத்தில் அது இல்லை. வரிச்சலுகை அங்கேயே கிடைத்துவிட்டது. மறுபடியும் கழிவு கேட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை சலுகை கேட்டதாகிவிடும்.

மென்பொருள் மிரட்டியதும் இதனால்தான். தனிநபர் காப்பீட்டுக்கு 2025-ஆம் ஆண்டின் உச்சவரம்பு 4,300 டாலர். 55 வயது ஆனவர்களுக்கு இன்னும் 1,000. நீங்கள் 2,900 என்று பதிந்ததும் அது 3,400-உடன் கூட்டி 6,300 என்று கணக்கிட்டது. வரம்பை மீறிய 2,000 டாலருக்கு 6 சதவீதம், அதாவது 120 டாலர் கேட்டது. இல்லாத மீறலுக்கு அபராதம்! உண்மையில் கணக்கில் போனது 3,900 மட்டுமே. இந்த எச்சரிக்கைக்குப் பயந்து கணக்கிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்துவிடாதீர்கள்.

எச்.எஸ்.ஏ. கணக்கைக் காட்டும் படிவம் 8889-இல் சரியான பதிவு இப்படி இருக்கும். 2-ஆம் வரியில் (லைன் 2) 500 மட்டும். சம்பளப் பட்டியலுக்கு வெளியே, உங்கள் கையால் போன பணம் அதுதான். 9-ஆம் வரியில் 3,400. உங்களுக்குரிய கழிவாக 13-ஆம் வரியில் 500 வந்து நிற்கும். அது ஷெட்யூல் 1 என்ற இணைப்பு வழியாக, முதன்மை வரிப் படிவமான 1040-க்குப் போகும். கழிவே இல்லாவிட்டாலும், நிறுவனம் பணம் போட்டிருந்தால் 8889-ஐ இணைத்தே ஆக வேண்டும். ஆண்டு முழுவதும் எச்.எஸ்.ஏ.வுக்குத் தகுதியான காப்பீடு இருந்ததா என்றும் மென்பொருள் கேட்கும். நடுவில் சேர்ந்தவர்களுக்கு வரம்பு மாறக்கூடும் என்பதால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக வேண்டாம்.

மே மாதம் எச்.எஸ்.ஏ. கணக்கை வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்து 5498-எஸ்.ஏ. என்று ஒரு படிவம் வரும். அதில் 3,900 மொத்தமாக இருக்கும். அது சரிபார்ப்பதற்கு மட்டுமே. அதற்காகக் காத்திருந்து, வரிக்கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளான ஏப்ரல் 15-ஐத் தவறவிட வேண்டாம், அந்தத் தொகையை 2-ஆம் வரியில் எழுதவும் வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் நேரடியாகப் போட்ட 500 டாலருக்கு வருமான வரி மட்டுமே மிச்சம். சம்பளத்தில் பிடித்திருந்தால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டுக்குமான 7.65 சதவீதமும் மிச்சமாகியிருக்கும். (2025-இல் 176,100 டாலருக்கு மேல் சம்பளம் என்றால் அதற்கு மேற்பட்ட பகுதிக்கு மெடிகேர் பங்கு மட்டும்தான்.) அடுத்த முறை அதையும் சம்பளம் வழியாகவே பிடிக்கச் சொல்லுங்கள்.

கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால் அதைக் காட்டும் 1099-எஸ்.ஏ. படிவம் வந்திருக்கும், 8889-இன் இரண்டாம் பகுதி அதற்கானது. இங்கே நம்மவர்கள் வழுக்குவது ஊரில் இருக்கும் பெற்றோரின் சிகிச்சைச் செலவில்தான். இந்தியக் குடிமக்களாக இந்தியாவிலேயே வசிக்கும் பெற்றோரை அமெரிக்க வரிச் சட்டம் உங்களைச் சார்ந்தவர்களாக ஏற்பதில்லை. சென்னை மருத்துவமனைக் கட்டணத்துக்கு எச்.எஸ்.ஏ. பணத்தை எடுத்திருந்தால் அது வருமானமாகும். 65 வயது ஆகாதவருக்கு மேலும் 20 சதவீதம் கூடுதல் வரி உண்டு.

இவ்வளவும் மத்திய வரிக்குத்தான். உங்கள் மாநிலம் எச்.எஸ்.ஏ.வை அங்கீகரிப்பதே இல்லை. டபிள்யூ-2 படிவத்தில் மாநில வரிக்குரிய சம்பளத்தைக் காட்டும் 16-ஆம் கட்டத்தைப் பாருங்கள். வேறு வித்தியாசம் எதுவும் இல்லையென்றால் அது 1-ஆம் கட்டத்தைவிட 3,400 டாலர் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கலிபோர்னியா வரிக்கணக்கின் ஷெட்யூல் சிஏ-இல் அந்த 3,400-ஐச் சம்பளத்துடன் கூட்டுங்கள். மத்திய வரியில் கழித்த 500-ஐயும் அங்கே திரும்பச் சேர்க்க வேண்டும். கணக்கில் வந்த வட்டி, டிவிடெண்டுக்கும் கலிபோர்னியாவில் ஆண்டுதோறும் வரி உண்டு.