மாப்பிள்ளை முறுக்கும் பொம்மைக் கோழியும்

கேள்வி: என் மகன் பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறான். வரும் மே மாதம் நண்பர்களோடு காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறானாம். உரிமமும் வாங்கிவிட்டான். ‘டிகாய்’ என்று பொம்மைக் கோழி நட்டு வைத்தால்தான் சேவல் வரும் என்கிறார் ஒரு நண்பர். அது வேண்டவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். நீங்கள் அங்கே இருந்து வந்தவராயிற்றே, என்ன சொல்கிறீர்கள்?
- ஒரு தகப்பன், ஃப்ரேசர் டவுன், பெங்களூரு

பதில்: முதல் வருஷம் வேண்டாம் சார். அப்புறம் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளட்டும்.

பேரன் பிறந்த சமயம் ஆறு மாதம் அங்கே இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் பழுத்த வேட்டைக்காரர். சும்மா உட்கார்ந்து பார்க்க வருகிறீர்களா என்று கூப்பிட்டார். விடியற்காலை நாலு மணிக்கு, அல்சூர் கடையில் வாங்கிய சிவப்புக் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். மனிதர் பதறிப்போய் அதைக் கழற்றி வண்டிக்குள் எறிந்தார். வான்கோழிச் சேவலின் தலையில் இருப்பது சிவப்பு, வெள்ளை, நீலம். புதருக்கு அந்தப் பக்கம் இன்னொரு துப்பாக்கிக்காரன் இருந்தால் என் தலையைக் கோழித் தலை என்று நினைத்துவிடுவானாம். பயத்தில் எனக்குக் குளிரே மறந்துபோயிற்று.

வெட்டவெளிப் புல்வெளியில், எங்களுக்கு 20 கெஜம் முன்னால் ஒரு பெட்டைப் பொம்மையை நட்டார். வான்கோழி இரவில் மரத்தில்தான் அடையும். வெளிச்சம் வரும் முன்பே உச்சியிலிருந்து சேவல் குரல் கொடுத்தது. இவர் ஒரு சின்ன மரப்பெட்டியின் மூடியை உரசினார், பெட்டை கூப்பிடுவது போலவே சத்தம் வந்தது. சேவல் இறங்கி, காட்டோரம் தலை காட்டி, பொம்மையைப் பார்த்தது. வாலை விரித்தது. சிறகைத் தரையில் உரசிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. துப்பாக்கிக்கு 40 கெஜம்தான் கணக்கு. அது நின்றதோ எழுபதில். முக்கால் மணி நேரம் ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. கடைசியில் நிஜப் பெட்டைகள் இரண்டு வந்தன, அவற்றோடு போய்விட்டது.

இது மாப்பிள்ளை முறுக்கு. இயற்கையில் சேவல் கூவிவிட்டு நிற்கும், பெட்டைதான் தேடிப் போகும். நாம் பெட்டைக் குரலில் சேவலை வரவழைப்பதே தலைகீழ் வேலை. குரல் மட்டும் கேட்டால், ஆளைக் காணோமே என்று அது தேடி வரும். பெட்டை கண்ணில் பட்டுவிட்டால், ‘நீ வா’ என்று நின்றுகொள்ளும்.

மறுநாள் பொம்மையை வண்டியிலேயே விட்டுவிட்டுக் காட்டுக்குள் போனோம். மேட்டின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, தோளைவிட அகலமான ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். மேடேறி எட்டிப் பார்த்தால்தான் நாங்கள் தெரிவோம், ஆனால் அப்போதே கோழி சுடும் தூரத்துக்கு வந்திருக்கும். அப்படித்தான் வந்தது. வான்கோழிக்கு மோப்பம் ரொம்பக் குறைவு, கண்தான் எல்லாம். அதனால் நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

அதற்காகப் பொம்மை வீண் என்று சொல்லவில்லை. மறைப்பே இல்லாத வயல்வெளியில் பெட்டையோடு ஓர் இளஞ்சேவல் பொம்மையும் வைத்தால், பெரிய சேவல் பொறாமையில் நேராகச் சண்டைக்கு வரும். அதன் முகத்துக்கு எதிரே போய் நிற்கும் என்பதால், இளஞ்சேவல் பொம்மையின் முகத்தை நம் பக்கம் திருப்பி வைப்பார்கள். வால் விரித்த முழுச் சேவல் பொம்மை வேண்டாம். இளைய சேவல்கள் அதைக் கண்டதும் ஓடிவிடும்.

என் பயம் வேறு. பொம்மை நிஜம்போல இருக்க இருக்க, மற்ற வேட்டைக்காரர்களும் ஏமாறுவார்கள். கொண்டு போகும்போதும் வரும்போதும் பளீர் ஆரஞ்சு நிறப் பைக்குள் இருக்க வேண்டும். யாராவது நெருங்கி வந்தால் கையை ஆட்டாமல், வாய்விட்டுச் சத்தம் போட வேண்டும். விசிறிபோல விரித்த வான்கோழி வாலைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் மறைவில் தவழ்ந்து போகும் ஒரு வித்தை இருக்கிறது. நண்பர்கள் அதற்குக் கூப்பிட்டால் மகன் வீட்டிலேயே தூங்கட்டும்.

சட்டப் புத்தகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அலபாமாவில் 2022 முதல், வேட்டைப் பருவத்தின் முதல் பத்து நாள் பொம்மையே கூடாது. பென்சில்வேனியாவில் வசந்தகாலத்தில், மார்பில் தாடிபோல ஒரு கற்றை தொங்கும் பறவையை (பெரும்பாலும் சேவல்தான்) மட்டும்தான் சுடலாம்.

கேள்வி: பொம்மையைக் காட்டி ஏமாற்றுவது வெள்ளைக்காரன் புத்திதானே?
- இன்னொரு வாசகர், சிவாஜி நகர்

பதில்: ஐயா, பழகிய மானைக் கட்டி வைத்து மானைப் பிடிப்பதற்கு நம் பழம்பாட்டிலேயே ‘பார்வை’ என்று பெயர் உண்டு. ஓசூர்ப் பக்கத்தில் என் தாத்தா காலத்தில், மூங்கில் கூண்டில் கவுதாரியைக் கத்தவிட்டு, சுற்றிக் கண்ணி வைப்பார்கள். இப்போது கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி கவுதாரி பிடித்தால் சிறை.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கும் வான்கோழியும் காட்டு வான்கோழியும் ருசியில் ஒன்றா?
- ஒரு வாசகி, லிங்கராஜபுரம்

பதில்: இல்லை அம்மா. பண்ணைக் கோழி தின்று கொழுத்தது, காட்டுக் கோழி ஓடியும் பறந்தும் பிழைப்பது. அந்தப் பெரியவர் கொடுத்த நெஞ்சுக் கறியை என் மனைவி மிளகு போட்டு வறுத்தாள், அருமை. கால்களைக் குக்கரில் போட்டு எட்டு விசில் விட்டாள். வேகவில்லை.