11 மாதக் குழந்தை பேசாமல் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தால், அதையும் பேச்சில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். உங்கள் வீட்டிலும் யாராவது "பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்நேரம் அம்மா சொல்லிட்டானே" என்று ஆரம்பித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் தினமும் அதுதான்.

என் மகளுக்கும் அப்போது 11 மாதம். திருநெல்வேலியில் அம்மா வீட்டுக் கொல்லையில் இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். விரலை நீட்டி "ஊ" என்றாள். கொடியில் இருந்த கிளிப்பைக் கேட்கிறாள் என்று எடுத்துக் கொடுத்தேன். வீசி எறிந்துவிட்டு மறுபடி "ஊ". அப்புறம்தான் சுவரில் அணிலைப் பார்த்தேன். "அட, அணிலா!" என்றதும் என் முகத்தைப் பார்த்தாள், அணிலைப் பார்த்தாள், மறுபடி என் முகம். கை தானாக இறங்கிவிட்டது. அடுத்த வாய்ச் சோற்றையும் வாங்கிக்கொண்டாள். அணில் அவளுக்கு வேண்டாம். நானும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதன் கனம் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வாளர் மைக்கேல் டொமசெல்லோவின் குழுவினர் 12 மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். குழந்தை காட்டும் பொருளை மட்டும் பார்த்தாலும் அதற்குப் போதவில்லை. அதன் முகத்தை மட்டும் பார்த்துக் கொஞ்சினாலும் போதவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துப் பேசினால்தான் திருப்தி. மனிதரிடம் வளரும் சிம்பன்சியும் கை நீட்டும், பெரும்பாலும் பழம் வேண்டும் என்பதற்கு. சும்மா "அதோ பார்" என்று காட்டுவது அரிது. விலங்குக்கும் மொழி உண்டே என்று சண்டைக்கு வராதீர்கள். வெர்வெட் குரங்கு சிறுத்தைக்கு ஒரு குரலும் கழுகுக்கு வேறு குரலும் கொடுப்பது எனக்கும் தெரியும். நான் சொல்வது இந்தப் பகிர்தலை.

நான் டாக்டரும் இல்லை. ஒரு வயதாகியும் எதையும் காட்டாமல், கூப்பிட்டால் திரும்பாமல், "பாபா, தாதா" மழலையும் இல்லாமல் இருந்தால் குழந்தை டாக்டரிடம் போய்க் காது கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகளுக்கு இரண்டரை வயதில் ஒரு ப்ளே ஸ்கூலில், "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும்" என்றார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்று மாதம் நிறுத்தினோம். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. என் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ஒருநாள் தெருவில் மாடு போனது. பேத்தி ஜன்னல் கம்பி வழியாகக் காட்டினாள். அம்மா பார்த்தாள், தலையை ஆட்டினாள், வாயைத் திறக்கவில்லை. பிள்ளை நீட்டிய கையை இறக்காமலே நின்றாள்.