முழங்கை வலிக்கு ரப்பர் பந்து பயிற்சி செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. சத்துணவு மையத்தில் சமையலராக இருக்கிறேன். நான்கு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது. கரண்டியைப் பிடித்துக் கிண்டினால், ஈரத் துணியைப் பிழிந்தால், சில நாள் டீ டம்ளரைத் தூக்கினால்கூட சுரீர் என்கிறது. எக்ஸ்-ரேயில் எலும்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஒரு மாதம் வலியே இல்லை, பிறகு பழையபடி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னான். அதைச் செய்ததில் வலி கூடிவிட்டது. இது எலும்புத் தேய்மானமா, கழுத்து நரம்பா? இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாமா? எண்ணெய் தேய்த்து உருவலாமா? வேலையை விட முடியாது டாக்டர்.

பதில்: முதலில் அந்தப் பந்தைத் தூக்கி வையுங்கள். தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் உங்கள் கையில் எந்தத் தசை ஏற்கெனவே களைத்துப்போய்க் கிடக்கிறதோ, அதற்கே மேலும் வேலை கொடுக்கும் பயிற்சி அது. இது உங்களுக்கு விளங்கிவிட்டால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி பதில் கிடைத்துவிடும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் 'டென்னிஸ் எல்போ'வுக்கு அப்படியே பொருந்துகின்றன. எலும்புத் தேய்மானம் இல்லை என்று எக்ஸ்-ரேயே சொல்லிவிட்டது. டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லையே என்பீர்கள். இந்த வலியோடு வருபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். பெயிண்டர், தச்சர், டெய்லர், கறிக்கடைக்காரர், நாள் முழுக்க வீட்டு வேலை செய்பவர்கள் என்று பட்டியல் நீளும். 35-லிருந்து 55 வயதுக்குள்தான் அதிகம் வருகிறது. டெண்டுல்கருக்கு 2004-ல் இந்த வலி வந்து பல ஆட்டங்களை விட்டதும், அடுத்த ஆண்டு லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதும் நினைவிருக்கலாம். அதனால்தான் இந்தப் பெயர் நம் ஊரில் பரவியது. அவரைப் பார்த்துவிட்டு எனக்கும் ஆபரேஷன்தானா என்று பயந்துபோய் வருகிறவர்களும் உண்டு. பயம் வேண்டாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்கு நாலு விரல் கீழே, மேல்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கி இறக்குங்கள். அசைவது விரல். ஆனால் சதை புடைத்து அடங்குவது உங்கள் இடது கைப்பிடிக்குள்! விரலுக்குள் அதை மடக்கி நீட்டும் தசை என்று எதுவும் கிடையாது. கட்டைவிரலின் அடியில் இருக்கும் மேடும், உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகளும் நுணுக்கமான அசைவுகளைப் பார்த்துக்கொள்கின்றன. பலம் வேண்டிய வேலை முழுவதும் முன்கையில்தான் நடக்கிறது. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை ஓடுகின்றன. சைக்கிள் பிரேக் மாதிரிதான்: அமுக்குவது ஓரிடம், பிடிப்பது வேறிடம், நடுவில் ஒரு கம்பி. புறங்கையில் விரலைத் தூக்கும்போது தெரிகிறதே நரம்பு நரம்பாக, அது நரம்பு இல்லை, இந்தத் தசைநாண்தான்.

முன்கையின் உள்பக்கத் தசைகள் விரல்களையும் மணிக்கட்டையும் மடக்கும். வெளிப்பக்கத் தசைகள் அவற்றை நிமிர்த்தும். வெளிப்பக்கத்தில் இருக்கும் பல தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில், கட்டைவிரல் நுனி அளவே உள்ள ஓர் இடத்தில், ஒன்றாகச் சேர்ந்து ஒட்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்று அங்கே தொடங்கி, நடுவிரலுக்கு நேரான உள்ளங்கை எலும்பின் அடியில் போய் முடிகிறது. மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடிப்பது அதன் வேலை. டென்னிஸ் எல்போவில் பெரும்பாலும் பழுதாவது அதன் தசைநாண்.

சரி, பந்தை அமுக்கும்போது விரலை மடக்கத்தானே செய்கிறேன், நிமிர்த்தும் தசைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். மணிக்கட்டை உள்பக்கமாக முடிந்தவரை மடக்கிக்கொண்டு, அப்படியே ஒரு துண்டை இறுகப் பிடித்துப் பாருங்கள். யாராவது இழுத்தால் சுலபமாக வந்துவிடும். மணிக்கட்டைச் சற்று நிமிர்த்திப் பிடித்தால்தான் பிடி இறுகும். விரலை மடக்கும் தசைகள் இழுக்கும்போது மணிக்கட்டும் கூடவே மடங்கப் பார்க்கும். அதை மடங்கவிடாமல் நிறுத்தி வைப்பது வெளிப்பக்கத் தசைகள். ஆகவே நீங்கள் எதை இறுகப் பிடித்தாலும், கரண்டியோ வாளியோ பந்தோ, முழங்கையின் அந்த ஒட்டு இடம் இழுபடுகிறது. கையை நேராக நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு தூக்கினால் இழுப்பு இன்னும் அதிகம்.

கழுத்து நரம்பா என்ற கேள்விக்கு வீட்டிலேயே ஓரளவு பதில் கண்டுபிடிக்கலாம். முழங்கையை நேராக நீட்டி, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து, நடுவிரலை மேலே தூக்குங்கள். வீட்டில் யாரையாவது அந்த விரலை மெல்லக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். முழங்கையின் வெளிமுனையில் சுரீர் என்றால், அந்த முனையைத் தொட்டு அழுத்தினாலும் அதே வலி வந்தால், பிரச்சினை அங்கேதான். கழுத்திலிருந்து வரும் வலி என்றால் கழுத்தைத் திருப்பும்போது கூடும், தோளிலிருந்து ஒரு கோடாக இறங்கும், விரல்களில் மதமதப்பு இருக்கும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை.

அடுத்து ஊசி. போட்டவர் தவறு செய்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். உடனே வலி குறையும், நீங்களே அனுபவித்தீர்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 185 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒன்றுக்கு பிசியோதெரபி, இன்னொன்றுக்கு 'பொறுத்திருங்கள், கையைப் பார்த்துப் பயன்படுத்துங்கள்' என்ற அறிவுரை மட்டும். 6 வாரத்தில் ஊசிக் குழுவில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், சும்மா இருந்தவர்களில் 32 சதவீதம்தான். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் கதை தலைகீழ்: ஊசி போட்டவர்களில் 69 சதவீதம், பிசியோதெரபியில் 91, சும்மா இருந்தவர்களில் 83. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் இதே திசையில்தான் பேசின. காரணம், இது பெரும்பாலும் வீக்க நோய் இல்லை. பாரம் தாங்கித் தாங்கி அந்தத் தசைநாணின் இழைகள் சிதைந்து, ஒழுங்கு கலைந்து, அரைகுறையாக ஆறிக் கிடக்கின்றன. ஸ்டீராய்டு வலியை அடக்கும், இழையைப் பின்னித் தராது. வலி இல்லாத அந்த ஒரு மாதம் நீங்கள் அண்டாவைப் பழையபடி தூக்கியிருப்பீர்கள் இல்லையா? ஆகவே இரண்டாவது ஊசி வேண்டாம் என்பதே என் கருத்து.

வேலையை விட வேண்டியதில்லை. செய்யும் விதத்தை மாற்றினால் போதும். முழு ஓய்வு கொடுத்தால் தசைநாண் இன்னும் பலவீனமாகும்.

சாதம் வடிப்பதுதான் உங்கள் வேலையில் மிக மோசமான கட்டம் என்று நினைக்கிறேன். அண்டாவின் இரு காதுகளையும் துணியால் பற்றி, கைகளை நீட்டி, மணிக்கட்டில் பாரத்தை வாங்கிச் சாய்ப்பீர்கள். மூன்று மாதத்துக்காவது அதை நீங்கள் செய்ய வேண்டாம். கல்யாணச் சமையலில் செய்வதுபோல அரிகரண்டியால் அள்ளிக் கூடையில் போட்டு வடிய விடலாம், அள்ளும் வேலையை உதவியாளரிடம் கொடுங்கள். கிண்டும்போது இரண்டு கையாலும் பிடியுங்கள், முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். அண்டாவின் விளிம்பு உங்கள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தால் தோள் தூக்கியபடியே நிற்கும். தோள்தசை களைத்ததும் மிச்ச பாரம் முன்கைக்கு வந்துசேரும். விளிம்பு இடுப்பு உயரத்துக்கு வருமாறு அடுப்பைத் தாழ்த்த முடிந்தால் தாழ்த்துங்கள். பலகை மேல் ஏறி நிற்பதென்றால் அது ஆடாத பலகையாக இருக்க வேண்டும், எதிரே கொதிக்கிற குழம்பு இருக்கிறது. மெல்லிய கரண்டிக் காம்பில் பழைய பருத்தித் துணியைத் தடிமனாகச் சுற்றிக் கட்டிவிடுங்கள். காம்பு பருமனாக இருந்தால் அவ்வளவு இறுகப் பிடிக்க வேண்டியதில்லை. மாலைக்குள் வித்தியாசம் தெரியும்.

வீட்டில் துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். குழாயில் மாட்டி மடித்து அமுக்குங்கள், அல்லது சொட்டச் சொட்டக் கொடியில் போடுங்கள். எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கை மடங்கியிருக்க, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். அப்போது மேற்கையின் முன்பக்கப் பெரிய தசை பாரத்தை ஏற்றுக்கொள்ளும். உங்கள் வலிமுனைக்கு அதில் பங்கு குறைவு.

அப்புறம் பயிற்சி. முதல் 2 வாரம்: மேஜையில் முன்கையைக் கிடத்தி, உள்ளங்கை கீழே பார்க்க வையுங்கள். வலது கையை மேலே தூக்க முயலுங்கள், இடது கை புறங்கையை அழுத்தி அசையவிடாமல் பிடிக்கட்டும். 30 முதல் 45 விநாடி, நடுவே ஒரு நிமிடம் ஓய்வு, 4 அல்லது 5 முறை. தினமும் செய்யலாம். அது பழகியதும், மணிக்கட்டு மேஜை விளிம்புக்கு வெளியே வருமாறு கையை வைத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையின் துணையோடு மேலே தூக்கி, வலது கையால் மட்டும் 4 விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். இறக்குவதில்தான் பலன். 10 முதல் 15 முறை, 3 சுற்று. செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு மூன்று, நான்கு என்ற அளவில் இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடருங்கள். அதற்கு மேல் போனால் பாட்டிலில் தண்ணீரைக் குறையுங்கள். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது நிதானமாகத்தான் தேறும். 6 வாரத்துக்கு முன் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள், 12 வாரமாவது விடாமல் செய்யுங்கள். அருகில் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருந்தால் ஒருமுறை நேரில் காட்டி, சரியாகச் செய்கிறீர்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்துக் கடையில் விற்கும் எல்போ பெல்ட்டை வேலை நேரத்தில் போடலாம். வலிக்கிற முனையின் மேல் கட்டுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு விரல் கீழே, சதைப் பகுதியில் கட்ட வேண்டும். இரவில் கழற்றிவிடுங்கள். வலி கூடிய நாளில் டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். வலி மாத்திரையை நாமாக வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு, ரத்த அழுத்தம் இருந்தால் இன்னும் ஆபத்து. நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பிஆர்பி ஊசியை யாராவது சிபாரிசு செய்யலாம். ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, செலவும் அதிகம். உங்கள் நிலையில் அதற்குப் பணம் செலவழிக்கச் சொல்லமாட்டேன். அறுவை சிகிச்சை என்பது ஆறு மாதம், ஓராண்டு முறையாகப் பயிற்சி செய்தும் தேறாத சிலருக்கு மட்டுமே.

விரல்களில் மரத்துப்போதல், மணிக்கட்டையோ விரலையோ நிமிர்த்தவே முடியாமல் தொங்கிப்போதல், மூட்டு வீங்கிச் சூடாதல், காய்ச்சல், முழங்கையை முழுதாக நீட்ட முடியாமை இவற்றில் ஏதாவது வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது வேறு கணக்கு.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி: முன்கைச் சதையில் வெதுவெதுப்பான எண்ணெயை மெதுவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், இதமாக இருக்கும். வலிமுனையில் கட்டைவிரலை ஊன்றி உருவ மட்டும் யாரையும் விடாதீர்கள்.