ஓடினால் சமர்த்து, நின்றால் கொதிப்பு: பழைய டட்சன் 120ஒய் ஏன் சூடேறுகிறது?

கேள்வி: என் அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கிய டட்சன் 120ஒய், 1976-ஆம் வருடத்துக் காடி. சுங்கை சிப்புட்டிலிருந்து பழைய ரோட்டில் ஈப்போவுக்குக் காலையில் போனால் சூட்டு முள் நடுவிலேயே நிற்கிறது. செம்பனை லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலோ, டவுனில் சிக்னல் விளக்கில் காத்திருந்தாலோ பத்து நிமிடத்தில் சிவப்பைத் தொடுகிறது. ஏர்கோன் போட்டால் இன்னும் சீக்கிரம். ஒரு மெக்கானிக், தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார். இன்னொருவர் பழைய விசிறியை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டினார். மூன்றாமவர் இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். பிரிக்கட்டுமா ஐயா?

பதில்: வேண்டாம் தம்பி. இப்போதைக்கு ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட வேண்டாம்.

காடி எங்கே சூடேறுகிறது, எங்கே ஆறுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து குளிர வைத்துவிடும், விசிறிக்கு அங்கே வேலையே இல்லை. நின்றால்தான் விசிறி வேண்டும். உங்கள் காடி நின்றால் கொதிக்கிறது என்றால், முதல் சந்தேகம் தண்ணீர் மேல் இல்லை, காற்று மேல். ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருந்தால் நேர்மாறாக நடக்கும்: டவுனில் சமாளித்துவிட்டு, நீண்ட ஏற்றத்திலும் வேகத்திலும் முள் ஏறும். கேஸ்கட் போயிருந்தால் அதற்கு ஈப்போவும் தெரியாது, பழைய ரோடும் தெரியாது. எங்கேயும் தொல்லை கொடுக்கும்.

சரி, செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். காடியை நிறுத்தி, இன்ஜின் ஓட, ஃபேன் சுழலும்போது ஒரு செய்தித்தாள் பக்கத்தை முன்கிரில்லில் வையுங்கள். தாள் உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் பட்டறைக்கு ஒரு கொரோலா வந்தது. இதே கதைதான், இரண்டு ரேடியேட்டர் மாற்றியும் கொதிப்பு நிற்கவில்லை. தாளை வைத்தேன், முகத்துக்கு நேரே பறந்து வந்தது. எலெக்ட்ரிக் ஃபேனுக்கு வந்த இரண்டு ஒயரும் இடம் மாறியிருந்தன. டிசி மோட்டாருக்கு ஒயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். விசிறி சுற்றுவதைப் பார்த்து எல்லோரும் திருப்தியாகிவிட்டார்கள், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

உங்கள் காடியில் தாள் ஒட்டினாலும் சோர்ந்து தொங்கினால் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பழைய விசிறியைக் கழற்றியவர் அதைச் சுற்றியிருந்த கூட்டையும் எடுத்துவிட்டாரா? கூடு இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேராக உள்ள வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும், ரேடியேட்டரின் நான்கு மூலையும் சும்மா கிடக்கும். இரண்டாவது, ஏர்கோன், ஹெட்லைட், எலெக்ட்ரிக் ஃபேன் மூன்றையும் ஐடிலில், அதாவது காடி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும்போது, தாங்கும் அளவுக்கு மின்சாரம் தரும் அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் பெரிதல்ல. மெல்லிய ஒயரும் சேர்ந்தால் வோல்டேஜ் இறங்கி, வேண்டிய நேரத்தில்தான் ஃபேன் சோம்பும். என்னைக் கேட்டால் பெல்ட்டில் ஓடும் பழைய விசிறியைக் கூட்டோடு திரும்ப மாட்டுவேன். எலெக்ட்ரிக் ஃபேன் வேண்டுமென்றால் ஏர்கோனின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கு முன்னால் துணையாக இருக்கட்டும்.

கண்டென்சர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் இந்தக் காடிகளுக்கு ஏர்கோன் பெரும்பாலும் பிறகு பொருத்தியதுதான். கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. தோட்டத்து மண் ரோட்டில் ஓடிய காடியில் அந்த இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். லாலான் பூவின் பஞ்சும், செம்மண்ணும், பூச்சியின் இறக்கைகளும் சேர்ந்து மெத்தை போலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்றுதான் இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டரின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் பாய்ச்சுங்கள். காடி கழுவும் கடையின் பிரஷர் கன் வேண்டாம், தகடுகள் மடங்கிப் படுத்துவிடும். நான் ஒரு தடவை கழுவியபோது அரை வாளிச் சேறு இறங்கியது.

அப்புறம் அந்தத் தெர்மோஸ்டாட். ‘வெயில் ஊர்தானே, எதற்கு’ என்று கழற்றிப் போடுவது நம் பட்டறைகளில் பழைய பழக்கம். அதை எடுத்தால் திறந்த ரோட்டில் இன்ஜின் பல நேரம் சரியான சூட்டுக்கே வராது: பெட்ரோல் கூடும், ஆயிலில் கசடு சேரும். டவுனில் கொதிப்பதும் நிற்காது. திறந்திருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் இல்லாத தெர்மோஸ்டாட்டுக்கும் அங்கே பெரிய வித்தியாசமில்லை. 76.5 அல்லது 82 (திறக்கும் டிகிரி) என்று அச்சிட்ட புதியதை வாங்கி மாட்டுங்கள். மாட்டுமுன் நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடேற்றினால் கண்ணுக்கு நேரே வாய் திறக்கும். திறக்காவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

கேஸ்கட் பயத்தையும் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் இரண்டு மூன்று குமிழ் வந்தால் பரவாயில்லை. ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழ் கொப்பளித்துக்கொண்டே இருந்தால்தான் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். ஆயில் மூடியின் அடியில் தே தாரிக் நிறத்தில் நுரை, குறைந்துகொண்டே போகும் தண்ணீர், இன்ஜின் சூடான பிறகும் அடங்காத வெள்ளைப் புகை, இவை இருந்தாலும் சந்தேகப்படலாம். ஒன்றுமில்லை என்றால் அந்த மூன்றாவது மெக்கானிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். 0.9 (அழுத்த அளவு) என்று எழுதிய மூடி உள்ளே இருக்கும் தண்ணீரை ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் அடக்கி வைத்திருக்கும். திறந்த கணம் அது நீராவியாக முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுங்கள். கொதித்து நின்ற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது, இந்தக் காடியின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், வளைந்துவிடும். அதே மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் காடிகள் பாதி வழியில் ஆவி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம், மேலே போகப் போகத் தண்ணீர் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும்.

ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றுகிறீர்களா? தனி பாட்டில் இல்லாத காடியில் சூட்டில் விரியும் தண்ணீர் குழாய் வழியே வெளியே வரும், அது கோளாறல்ல. கழுத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு போதும். நமக்கு உறைபனிக் கவலை இல்லை, துரு பிடிக்காமலிருக்கத்தான் அது.

பலர் மறந்துபோகும் ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்: பிளக்குக்குப் பொறி எப்போது போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்னத் தொடுமுனை. அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்தங்கும். தாமதமாக எரியும் பெட்ரோல் சூட்டை ஹெட்டிலேயே விட்டுவிட்டுப் போகும். பாயிண்ட் மாற்றி வருடக்கணக்கானால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். முள்ளையும் முழுக்க நம்பாதீர்கள்: அந்தக் காலத்துப் பல காடிகளில் பெட்ரோல் முள்ளுக்கும் சூட்டு முள்ளுக்கும் ஒரே வோல்டேஜ் ரெகுலேட்டர். இரண்டும் சேர்ந்து ஏறினால் கோளாறு டாஷ்போர்டில்.

இந்த வாரமே தாளை வைத்துப் பார்த்துவிட்டு, ஒட்டியதா, தொங்கியதா, பறந்ததா என்று எழுதுங்கள். நன்றாக ஒட்டி, நடுவிலிருக்கும் சேற்றைக் கழுவிய பிறகும் கொதித்தால்தான் ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.