ஜாவாவில் ஜியாரத் உண்டா என்று கேட்டவருக்கு

"இந்தோனேசியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு என்பதால் அங்கே தர்கா வழிபாடெல்லாம் இருக்காதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நாகூருக்கோ ஏர்வாடிக்கோ போய்வருகிறவராக இருக்க வேண்டும், அல்லது போகிறவர்களோடு வீட்டில் வாதாடுகிறவராக இருக்க வேண்டும்.

இருக்கிறது. ஆனால் 'வழிபாடு' என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். அங்குள்ளவர்களும் நம்மைப் போலவே அதை ஜியாரா, அதாவது அடக்கத்தலத்துக்குப் போய்வருதல், என்கிறார்கள். குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதி, 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்னும் தஹ்லீல் சொல்லி, அடங்கியிருப்பவருக்காக துஆ கேட்டுத் திரும்புகிறார்கள்.

அந்நாட்டின் ஜாவா தீவில் இஸ்லாத்தைப் பரப்பியவர்களாகப் போற்றப்படும் ஒன்பது இறைநேசர்களை 'வாலி சோங்கோ' என்பார்கள். அவர்களுள் மூத்தவரான மௌலானா மாலிக் இப்ராஹீம் 1419இல் மறைந்து கிரெசிக்கில் அடங்கியிருக்கிறார். அவருடைய மீஸான் கல், அதாவது கபுரின் தலைமாட்டுக் கல், குஜராத்தின் காம்பே பளிங்கு. ஒன்பதில் ஐந்து அடக்கத்தலங்கள் கிழக்கு ஜாவாவிலும், மூன்று நடு ஜாவாவிலும், ஒன்று மேற்கே சிரபோனிலும் உள்ளன. பேருந்து பிடித்து, இரவிலும் நிற்காமல் இவற்றை அடுத்தடுத்துச் சுற்றிவருவதே அந்த மக்களின் வழக்கம்.

துணி வியாபாரத்துக்காக நான் சுரபாயாவில் பதினொரு ஆண்டுகள் இருந்தேன். நாகூரிலிருந்து உம்மா வந்திருந்தபோது, எங்கள் தெருப் பெண்களின் யாசீன் குழு மூன்று நாள் ஜியாரத்துக்குப் புறப்பட்டது. மொழி தெரியாத உம்மாவையும் அழைத்துக்கொண்டார்கள், துணைக்கு நானும் போனேன். அந்த ஒன்பதின்மருள் ஒருவரான சுனான் அம்பெல் அடக்கத்தில் தொடங்கி எட்டு இடங்கள் ('சுனான்' என்பது அவர்களுக்கான மரியாதைப் பட்டம்). சிரபோன் தொலைவு என்பதால் விட்டுவிட்டோம்.

குதுஸ் நகரில் பேருந்து நின்றதும் உம்மா தயங்கினார். எதிரே செங்கல்லை அடுக்கிக் கட்டிய கோபுரம், பார்வைக்குப் பழைய ஜாவானியக் கோயிலேதான். சுவரில் பீங்கான் தட்டுகள் பதித்திருந்தன. அருகிலிருந்த பெண் அதைக் காட்டி, "மெனாரா" என்றார். "நம்ம மனோராவா?" என்று கேட்ட உம்மா, அதன்பின் என் கையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணோடு நடந்தார். நாகூர் தர்காவின் பெரிய மனோராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பதை அறிந்து வளர்ந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மதியம் எங்களுக்குக் கிடைத்தது எருமை இறைச்சிச் சாறும் சோறும். அன்று அங்கிருந்த இந்துக்களின் மனம் நோகக் கூடாதென்று சுனான் குதுஸ் பசுவை அறுக்க வேண்டாம் என்றாராம். அந்த ஊர் இன்றும் அதைக் காக்கிறது.

நான் ஆலிம் அல்லன், மார்க்கத் தீர்ப்பு சொல்ல வரவும் இல்லை. இந்தோனேசியாவிலும் கருத்து வேறுபாடு உண்டு: 1912இல் தொடங்கிய முஹம்மதியா இயக்கத்தார் இத்தகைய பயணங்களை ஊக்குவிப்பதில்லை, 1926இல் சுரபாயாவில் தோன்றிய நஹ்ததுல் உலமா இவற்றைப் பேணுகிறது. அந்த அமைப்பின் தலைவராகவும் பின்னர் நாட்டின் அதிபராகவும் இருந்த அப்துர்ரஹ்மான் வாஹித் 2009 டிசம்பரில் மறைந்தபின், ஜோம்பாங்கில் உள்ள அவருடைய கபுரும் பலருடைய ஜியாரத் பாதையில் சேர்ந்துவிட்டது. ஹஜ்ஜுக்குப் பதிலாக இப்படிப் போகிறார்கள் என்று எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 2025இல் அந்நாட்டின் ஹஜ் ஒதுக்கீடு 2,21,000, அப்படியிருந்தும் பல மாகாணங்களில் பெயர் கொடுத்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார்கள்.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. குதுஸில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உறவினர் ஒருவர், ஹஜ் முடித்த என் உம்மாவை, "தவ்பா செய்யுங்கள், இது அல்லாஹ்வுக்கு இணைவைத்தல்" என்று அத்தனை பேர் முன்னால் எழுதினார். அங்கே என்ன ஓதினோம் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தஹ்லீலுக்கு முன் ஒவ்வொருவரும் தம் வீட்டு மையித்துகளின், அதாவது மறைந்தவர்களின், பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். உம்மா சொல்ல, வாப்பாவின் பெயரை நான் எழுதிக் கொடுத்தேன். முரியா மலையில், சுனான் முரியாவின் அடக்கத்தருகே, குழுத்தலைவி அதை ஜாவானிய உச்சரிப்பில் வாசித்தபோது முப்பது பெண்கள் ஆமீன் சொன்னார்கள். அந்தச் சீட்டை அவர் தம் யாசீன் கிதாபில் வைத்துக்கொண்டார். வியாழன் இரவுகளில் இன்றும் வாசிக்கிறார்கள்.