ஒரே பெயரில் பதினொரு பேர் கப்பலேறினால்...

கேள்வி: என் கணவர் அமெரிக்கர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகருக்குக் குடும்பத்தோடு வந்தவர். 1900 கணக்கெடுப்பில் அவர் பெயர் இருக்கிறது. வந்த ஆண்டு 1873, பிறந்த இடம் ‘இங்கிலாந்து’. அவ்வளவுதான். கப்பல் பட்டியல்களில் அதே பெயரில் பதினொரு பேர் வருகிறார்கள். எவர் எங்களவர்? எந்த ஊர்? எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: கப்பல் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது. அந்தக் காலத்துப் பட்டியலில் பெயர், வயது, தொழில், நாடு என்பதோடு சரி. ஊர்ப் பெயரை எதிர்பார்க்க முடியாது. பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல்களோ 1890 முதல்தான் மிஞ்சியிருக்கின்றன. ஃபால் ரிவர்க்காரர் பாஸ்டனில்தான் இறங்கியிருப்பார் என்றும் சொல்வதற்கில்லை. நியூயார்க்கில் இறங்கி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் நேரே ஃபால் ரிவருக்கு வர 1847 முதலே வசதி இருந்தது. நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிவு செய்த எல்லிஸ் தீவில் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். அது திறந்தது 1892-ல்தான்.

நீங்கள் (பெயரை வெளியிடவில்லை) எழுதியிருக்கும் குடும்பப் பெயர் லங்காஷயரில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருந்திருக்கும். ஆகவே அந்த ஒருவரைத் தேடாதீர்கள்; அவர் பிள்ளைகளைத் தேடுங்கள். ஒரே பெயரில் பதினொரு ஆண்கள் இருக்கலாம். ஆனால் அதே குடும்பப் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் (திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்), அடுத்தடுத்த பிள்ளைகளின் பெயர்கள் ஆகிய மூன்றும் ஒத்துப்போகும் இரண்டு குடும்பங்கள் அநேகமாக இருக்காது.

அமெரிக்கப் பக்கத்தை முதலில் முடியுங்கள். 1880 கணக்கெடுப்பில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் உறவுமுறையும் பிறந்த இடமும் இருக்கும். ‘இங்கிலாந்து’ என்பது எந்தப் பிள்ளையோடு நின்று ‘மாசச்சூசெட்ஸ்’ தொடங்குகிறதோ, அந்த இரண்டு பிள்ளைகளுக்கு இடைப்பட்ட காலம்தான் கடல் கடந்த காலம். 1900-ல் சொன்ன 1873-ஐ விட இதை நம்பலாம். ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து வாய்மொழியாகச் சொன்ன ஆண்டு ஒன்றிரண்டு தள்ளியும் இருக்கலாம். அதே 1900 தாளில், மனைவி எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று இரண்டு எண்கள் இருக்கும். வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1890 கணக்கெடுப்பைத் தேட வேண்டாம். 1921 தீ விபத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

அடுத்தது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள். 1841 முதல் உண்டு, ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். சிறுவயதில் வந்த பிள்ளைகள் ஃபால் ரிவரில் திருமணம் செய்திருப்பார்கள், சிலர் அங்கேயே இறந்தும் இருப்பார்கள். ஒன்று விடாமல் எல்லாருடைய பதிவையும் எடுங்கள். பெற்றோர் பெயர் இருக்கும். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் பெரும்பாலும் கிடைக்கும். சில பதிவுகளில் எழுத்தர் ‘இங்கிலாந்து’ என்று நிறுத்தாமல் ஓல்டம், பிரெஸ்டன் என்று ஊரையும் எழுதியிருப்பார். அதற்காகத்தான் ஒன்று விடாமல் என்கிறோம். ‘ஆஷ்டன்’ என்று இருந்தால் மட்டும் உஷார்: லங்காஷயரிலேயே ஆஷ்டன்-அண்டர்-லைன் வேறு, ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்ட் வேறு.

தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்ததும் இங்கிலாந்துக்குப் போகலாம். அங்கே அரசுப் பதிவு 1837 ஜூலை 1 முதல். அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அலுவலகமான ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸின் இணைய அட்டவணையில் கணக்குத் தொடங்கினால் இலவசமாகத் தேடலாம். பிள்ளையின் பெயரைக் காலியாக விட்டு, குடும்பப் பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் மட்டும் கொடுங்கள். ஒரு தேடலில் ஐந்து ஆண்டுதான் அடங்கும். ஆண், பெண் தனித்தனியாகத் தேட வேண்டும். 1860 முதல் 1874 வரை பார்க்க ஆறு தேடல். உங்கள் பிள்ளைகள் வரிசையாக ஒரே பதிவு மாவட்டத்தில் வந்து நிற்பார்கள். ஒரு பிள்ளை மட்டும் பக்கத்து மாவட்டத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து குறைந்து பல ஆலைகள் மூடிக்கிடந்தன. வேலை தேடிக் குடும்பங்கள் ஊர் மாறின. பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டவர்களும் உண்டு; 1875 வரை சட்டம் அவ்வளவு இறுக்கமில்லை. அப்படி விடுபட்ட பிள்ளையை லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தளத்தில் ஞானஸ்நானப் பதிவுகளில் பாருங்கள். அதுவும் இலவசம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அங்கே சாதாரணம். அட்டவணையில் 1862-ல் ஒரு ஜான், 1865-ல் இன்னொரு ஜான் என்றால், முதல் ஜான் இறப்பு அட்டவணையில் இருக்கிறானா என்று பாருங்கள். வயதும் அதிலேயே இருக்கும். நீங்கள் குறித்து வைத்த அந்த வித்தியாச எண் இங்கேதான் கணக்குச் சரிபார்க்க உதவும்.

ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸில் பிறப்புப் பதிவின் படம் 3 பவுண்டு, சான்றிதழ் 12.50 பவுண்டு. விவரம் இரண்டிலும் ஒன்றுதான், படமே போதும். இங்கிலாந்தில் கடைசியாகப் பிறந்த பிள்ளையின் படத்தை வாங்குங்கள். கப்பலேறுவதற்கு முன் குடியிருந்த தெருவும் தகப்பனாரின் தொழிலும் அதில் இருக்கும். தொழில் என்பது வெறும் விவரமில்லை. மியூல் இயந்திரத்தில் நூற்பவர் வேறு, தறியில் நெய்பவர் வேறு. ஃபால் ரிவரிலும் பெரும்பாலும் பழகிய வேலைக்கே போனார்கள்.

பிறகு இங்கிலாந்தின் 1871 ஏப்ரல் 2 கணக்கெடுப்பு. அதில் ஒவ்வொருவரும் பிறந்த ஊர் இருக்கும். நீங்கள் கேட்ட ஊர் இதுதான். திருமணப் பதிவை ஃப்ரீபிஎம்டி, லங்காஷயர் பிஎம்டி தளங்களின் அட்டவணையில் பிடித்து, சான்றிதழை வாங்கினால் இரு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் கிடைக்கும். (தாய்மார் பெயரை அந்தச் சான்றிதழில் சேர்க்க 2021 வரை ஆகியது!) வயதுக் கட்டத்தில் ‘முழு வயது’ என்றிருந்தால் 21 நிறைந்தவர் என்று மட்டும் பொருள். கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி இருந்தால், பெயரின் எழுத்துக்கூட்டல் எழுத்தருடையது. லங்காஷயர்ப் பேச்சில் ‘ஹ’ விழுந்துவிடும், ஆகவே ஹெச் எழுத்தோடும் இல்லாமலும் தேடுங்கள்.

இனி கப்பல் பட்டியலைத் திறக்கலாம். பதினொரு ஆண்களையும் விட்டுவிட்டு, மனைவி பெயரில் தேடுங்கள். புருஷன் முன்னால் போய் வேலை பிடித்து, பயணச்சீட்டுக்குப் பணம் அனுப்பி, மனைவி பிள்ளைகளோடு பின்னால் வருவதும் அன்று வழக்கம்தான். 11, 8, 5 வயதுப் பிள்ளைகளும் ஒரு கைக்குழந்தையும் என்று பெயரும் வயதும் பொருந்தும் ஒரு தாய் பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ இறங்கியிருப்பாள். தனியாக வந்த புருஷனை, அதற்கு முந்தைய ஓரிரு வருடங்களில் அந்தப் பதினொரு பேரில் தொழிலையும் வயதையும் வைத்துக் கழித்துப் பாருங்கள். இருவர் மிஞ்சினால் இருவரையும் குறித்து வையுங்கள், ஒருவரை ஊகித்து வம்ச மரத்தில் ஏற்றாதீர்கள். 1880 ஜூன் கணக்கெடுப்பில் குடும்பமே காணோம் என்றால், 1881 ஏப்ரல் 3-ல் எடுத்த இங்கிலாந்துக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆலையில் வேலை குறைந்தபோது லங்காஷயருக்கே திரும்பி, சில வருடம் கழித்து மறுபடி கப்பலேறியவர்களும் உண்டு. அப்படியானால் அந்தப் பதினொரு பேரில் இருவர் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.