ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை ஜெபமும் தியானமும் எப்படி நடத்துவது?

கிறிஸ்தவ நிர்வாகத்தின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளி, இந்த ஆண்டு காலை தியானமும் ஜெபமும் உங்கள் பொறுப்பு, பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு மதத்தவர், என்ன பேசுவது எப்படித் தயாரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்கள் அங்கே சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. இந்த வேலை எப்போதும் கடைசியாக வந்தவர் தலையில்தான் விழும். "சின்னப் பிள்ளைங்கதானே டீச்சர், ஏதாவது ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். அந்த "ஏதாவது ரெண்டு வார்த்தை"தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கேட்ட பிரசங்கத்தைச் சுருக்கி, நடுவில் "பிள்ளைகளே" என்று நாலு முறை சேர்த்தால் அது சிறுவர் தியானம் ஆகிவிடாது.

முதலில் நேரம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஐந்து நிமிடம் போதும். மூன்று முதல் ஐந்து வரை ஏழெட்டு நிமிடம் தாங்குவார்கள். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல்தான் வரும். ஆகவே நீங்கள் எழுதிக்கொண்டு போகும் கதை இருநூறு சொல்லைத் தாண்டக் கூடாது. தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள், பாதிக்கு மேல் வெட்ட வேண்டியிருக்கும். அடுத்தது இடம். மைதானத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, மைக்கில் கதை சொல்லிக் கேள்வி கேட்பது வீண். முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும் பதில் சொல்வார்கள், பின்வரிசை மணலில் காலால் கோடு போடும். மைதானத்தில் ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு சிறு ஜெபம். கதையும் கேள்வியும் வகுப்பறைக்குள். தலைமையாசிரியரிடம் முதலில் பேசி வாங்க வேண்டிய அனுமதி இதுதான்.

தினம் ஒரு புதுக் கதை தேடி ஓடாதீர்கள். வாரத்துக்கு ஒரே கதை, ஐந்து நாளும் அதையே வேறு வேறு பக்கத்திலிருந்து பார்ப்பது சிறுவருக்கு நன்றாகப் பிடிக்கும். தெரிந்த கதையில் அடுத்து என்ன வரும் என்று முந்திச் சொல்வதில்தான் அவர்களுக்கு ருசி. உதாரணத்துக்கு யோவான் நற்செய்தி, 6ஆம் அதிகாரம். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சி நான்கு நற்செய்திகளிலும் உண்டு, ஆனால் அப்பம் வைத்திருந்த பையன் யோவானில் மட்டும்தான் வருகிறான். பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தப் பையன்தான்.

திங்கள்: கதை மட்டும். ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். ஒரு கையை விரித்து ஐந்து, மறு கையில் இரண்டு விரல் என்று எண்ண வைக்கலாம். "அப்பம்" என்றால் ஒன்றாம் வகுப்பு ஆப்பத்தை நினைக்கும், ரொட்டி என்று சொல்லிவிடுங்கள். ஐயாயிரம் என்ற எண்ணும் அவர்களுக்கு எட்டாது; நம் மைதானம் நிறைந்து ரோடு வரை ஆட்கள் என்றால் புரியும். செவ்வாய்: இயேசுவின் சீடர் அந்திரேயா. கூட்டத்தில் அந்தப் பையனைக் கவனித்தவர் அவர். "நம் வகுப்பில் யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருப்பது யார்?" இதற்குப் பதிலை வாய்விட்டுச் சொல்ல வைக்காதீர்கள், மனதில் நினைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பத்து விரலும் ஒரே பிள்ளையை நோக்கி நீளும். புதன்: இயேசு பகிர்வதற்கு முன் நன்றி சொன்னார். சாப்பாட்டு ஜெபத்தைக் கற்பிக்க நல்ல நாள். வியாழன்: மீந்த துணிக்கைகளை ஒன்றும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார், பன்னிரண்டு கூடை நிறைந்தது. அன்று மதியம் உங்கள் பள்ளியில் கொட்டப்படும் சோற்று வாளியைப் பிள்ளைகளே போய்ப் பார்க்கட்டும். வெள்ளி: பசித்தவர்களுக்காக ஜெபம், பிறகு ஒரு சின்னச் செயல்.

அந்தச் செயல் "இன்று எல்லோரும் டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிடுங்கள்" என்று இருக்க வேண்டாம். கேட்க அழகாக இருக்கும், நடைமுறையில் சத்துணவு வரிசையில் நிற்கும் பிள்ளையும் டிபன் கொண்டுவரும் பிள்ளையும் பளிச்சென்று பிரிந்து தெரிவார்கள். யார் வீட்டுச் சாப்பாட்டை யார் தொடலாம் என்ற வீட்டுப் பேச்சும் அங்கே வந்து நிற்கும். தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது, தட்டு எடுத்து வைப்பது, பென்சில் கொடுப்பது போதும்.

ஜெபத்துக்கு வருவோம். அதிகம் தவறுவது இங்கேதான். நீங்கள் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். தமிழில் வினை கடைசியில் வரும் என்பதால் நீளமான வாக்கியத்தைத் துண்டு துண்டாகச் சொன்னால் பிள்ளை வாயில் வருவதெல்லாம் தலையில்லாத முண்டம். "அன்பான ஆண்டவரே, எங்களுக்கு நல்ல பெற்றோரையும்", "ஆசிரியர்களையும் நண்பர்களையும் தந்து", "இதுவரை எங்களை வழிநடத்தி வந்த", "உம்முடைய மேலான கிருபைக்காக"... நன்றி வருவதற்குள் எதற்கு நன்றி என்பது மறந்துபோயிருக்கும். ஒவ்வொரு வரியும் தன்னளவில் பொருளோடு முடிய வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு வரிக்கு நாலு சொல், ஐந்தாம் வகுப்புக்கு ஆறேழு. இப்படி:

இயேசுவே, இந்தக் காலைக்கு நன்றி.
எங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நன்றி.
இன்று ஒருவருக்கு உதவ வேண்டும்.
அவர் யார் என்று காட்டும்.
பயமாக இருந்தால் என்னோடு இரும்.
ஆமென்.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். "அப்பா அம்மாவுக்கு நன்றி" என்று எழுதவில்லை. பாட்டியிடம் வளரும் பிள்ளை, விடுதிப் பிள்ளை, அப்பா இறந்த பிள்ளை எல்லாரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அதேபோல "காலையில் வயிறாரச் சாப்பிட்டோம், நன்றி" என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் கிராமப்புறத்தில் 2024 ஜூலை முதலும் நகர்ப்புறத்தில் 2025 ஆகஸ்ட் முதலும் தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் வந்திருக்கிறது. அங்கே தட்டு கைக்கு வந்த பிறகு இரண்டு வரி நன்றி சொல்லிக் கொடுங்கள். தட்டு கையில் இருக்கும்போது சொல்லும் நன்றியை விளக்க வேண்டியதே இல்லை.

பிள்ளையின் வாயில் கடவுளுக்கு நிபந்தனை வைக்கும் ஜெபத்தைத் திணிக்காதீர்கள். "பரீட்சையில் முதல் மதிப்பெண் தாரும்" என்று நாற்பது பேர் கேட்டால் முப்பத்தொன்பது பேருக்குக் கிடைக்காது. படித்தது நினைவுக்கு வரட்டும், கை நடுங்காமல் இருக்கட்டும் என்று கேட்கலாம். நோயாளிகளுக்கும் அப்படியே: "பாட்டியைச் சாகாமல் வையும்" என்று வேண்டிய பிள்ளையின் பாட்டி இறந்தால், தன் ஜெபம் சரியில்லை என்று அது நினைக்கும். "பாட்டியோடு இரும், எங்களோடும் இரும்" போதும். இதைச் சொன்னால் விசுவாசத்தைக் குறைக்கிறேன் என்று சிலர் கீழே எழுதக்கூடும். எழுதட்டும். ஏழு வயதுப் பிள்ளையின் மேல் விசுவாசப் பரீட்சை வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கதைத் தேர்விலும் இதே கவனம் வேண்டும். பொய் சொல்லக் கூடாது என்பதற்கு அனனியா, சப்பீராள் கதையை எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொய் சொன்னார்கள், விழுந்து செத்தார்கள். அன்று இரவு பிள்ளை தூங்காது. எலிசாவும் கரடிகளும், ஈசாக்கைப் பலியிடப் போனது, எகிப்தில் தலைப்பிள்ளைகள் இறந்தது எல்லாம் தொடக்கப் பள்ளிக்கு வேண்டாம். நோவாவைச் சொல்லலாம், ஆனால் "மத்தவங்க என்ன ஆனாங்க டீச்சர்?" என்று நிச்சயம் கேட்பார்கள், பதிலோடு போங்கள். நாகமானின் வீட்டுச் சிறுமி, சாமுவேல் மூன்று முறை எழுந்து ஏலியிடம் ஓடியது, ஆலயப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவை, பத்துப் பேரில் திரும்பி வந்த ஒருவன், மரத்தில் ஏறிய சகேயு என்று வருஷத்துக்கு வேண்டிய அளவு இருக்கிறது.

மூன்றாம் வகுப்புக்கு மேல் ஒரு ஜெபப் பெட்டி வையுங்கள். செருப்பு டப்பாவில் மேலே ஒரு கீறல் போதும். பெயர் எழுதாத சீட்டு, எழுத வராதவர்கள் படம் போடலாம். வாரம் ஒருமுறை திறந்து, முதலில் நீங்கள் தனியாக எல்லாவற்றையும் படியுங்கள், அதன் பிறகுதான் வகுப்பில் எடுத்துச் செல்வது. "எங்கப்பா குடிச்சிட்டு அடிக்கிறார்" என்று ஒரு சீட்டு வரும். அதைச் சத்தமாக வாசித்து ஜெபித்தால் கையெழுத்தை வைத்தே பிள்ளைகள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தலைமையாசிரியரிடம் பேசுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் பற்றிய சீட்டானால் ஜெபித்துவிட்டு விடுவதற்கில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

மனப்பாட வசனம் மாதத்துக்கு இரண்டு போதும். "தேவன் அன்பாகவே இருக்கிறார்", "பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" போன்ற குட்டி வசனங்கள், கை அசைவோடு. மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் 1544இல் எழுதிய கடிதத்திலேயே இந்த வழி இருக்கிறது: முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்து, அதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லச் சொன்னார். இன்று பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லுமா என்பதை உங்கள் வசனத்தின் நீளம்தான் தீர்மானிக்கும்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகள் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கி "ராஜ்யமும் வல்லமையும்" வரை போவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் வேறு வாசகத்தில் தொடங்கி, "தீமையிலிருந்து" என்ற வரியோடு நிறுத்துவார்கள். ஒரே வகுப்பில் இரண்டும் மோதினால் கடைசியில் சிரிப்புத்தான். பள்ளி நிர்வாகத்தின் வாசகத்தை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் அமைதியாக நிற்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அமைதியாக நிற்கலாம் என்பது வேறு மதப் பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியம். அரசியலமைப்பின் 28(3) தெளிவாகச் சொல்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் சிறாரின் காப்பாளர் சம்மதம் இல்லாமல் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது. சேர்க்கைப் படிவத்தோடு சம்மதக் கடிதம் வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பொது அசெம்பிளியில் "கடவுளே" என்று தொடங்கும் ஜெபம் (மேலே எழுதிய ஜெபத்தில் "இயேசுவே" என்பதை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்), வேதபாட வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உங்கள் சபை முறை, மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி. கண்ணை மூடாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கண்டிக்காதீர்கள். வசனத்துக்குப் பரிசு கொடுத்தால் திருக்குறளுக்கும் கொடுங்கள். சிறுபான்மை நிறுவன உரிமை என்று இதற்கு மறுப்பு வரும். பள்ளி நடத்தும் உரிமை 30ஆம் பிரிவில் இருப்பது உண்மைதான், அது 28(3)ஐ ரத்து செய்யவில்லை.

திருச்சபைக் காலங்களைப் பற்றிச் சுருக்கமாக. தவக்காலத்தில் பிள்ளைகளை உபவாசம் இருக்கச் சொல்லாதீர்கள். கத்தோலிக்கச் சட்டமே இறைச்சி தவிர்க்க 14 வயதும் நோன்புக்கு 18 வயதும் வைத்திருக்கிறது. உண்டியல் வைத்தால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எண்ணிச் சொல்லக் கூடாது. பெரிய வியாழன் அன்று சிலுவை மரணத்தோடு கதையை நிறுத்திவிட்டு விடுமுறை விட்டால், சின்னப் பிள்ளை மூன்று நாள் சாவை மட்டுமே சுமந்து திரியும். உயிர்ப்பையும் அன்றே சொல்லி முடியுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் நான்காவது வாரம் அரையாண்டுத் தேர்விலும் விடுமுறையிலும் போய்விடும், மூன்று வாரத்துக்கே திட்டமிடுங்கள். மெழுகுதிரியைச் சுற்றிக் காகித அலங்காரம் வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். இப்போது தினமும் ஜெபம் முடிந்ததும் நிர்வாகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று பல இடங்களில் ஆகிவிட்டது. கைகூப்பிக் கண்மூடி நிற்கும் பிள்ளைகளை "இன்னொரு தரம், எல்லாரும் கண்ணை மூடுங்க" என்று நிறுத்தி வைத்துப் படம் எடுக்கிறார்கள். பெற்றோரைக் கேட்டு எடுக்கிறார்களா? அதுவும் கிடையாது. பாடத்திட்டம், பதிவேடு, இணையப் பதிவேற்றம் எல்லாம் போதாதென்று இது வேறு. உங்களால் மறுக்க முடியுமானால் மறுங்கள். முடியாவிட்டால் ஒரே படத்தைத் தலைமையாசிரியரே மாதம் ஒருமுறை எடுத்துக்கொள்ளட்டும்.

பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும். ஆண் ஆசிரியர் தன் சுருதியில் தொடங்கினால் பிள்ளைகள் முனகுவார்கள், எட்டாத உச்சத்தில் தொடங்கினால் கத்துவார்கள். நன்றாகப் பாடும் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றை முதல் வரி தொடங்கச் சொல்லி, நீங்கள் பின்னால் சேர்ந்துகொள்ளுங்கள்.